இழுக்க இழுக்க இறுகும் வலை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலமான அந்த 61 நாட்களில்தான் காசிமேட்டுக்காரர்கள் தண்டையார்பேட்டையிலுள்ள என் மனநல ஆலோசனை அறைக்கு அதிகம் வருகிறார்கள். மற்ற மாதங்களில் அவர்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் வாய்ப்பதில்லை. அப்படி வந்த விசைப்படகுத் தொழிலாளி ஒருவர் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்), இரவில் கடன் நினைப்பு வந்தால் அதை விரட்டியே விடியும்வரை களைத்துப்போவதாகச் சொன்னார். நான் உடனே புதைமணல் உவமையை எடுத்துவிட்டேன். உதறுகிறவன் மேலும் அமிழ்வான், உடம்பைப் பரப்பிப் படுப்பவன் மிதப்பான் என்று, எண்ணங்களோடு மல்லுக்கட்டாமல் அவற்றை ஏற்கப் பழக்கும் ‘ஆக்ட்’ எனப்படும் உளசிகிச்சை முறையைக் கற்பவர்கள் எல்லோரும் படிக்கும் உவமை அது. அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். புதைமணலை அவரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

சற்றுப் பொறுத்து அவராகவே, “தலைக்குள்ள வலை சிக்கினு கெடக்குது சார்” என்றார்.

நியூசிலாந்தைச் சேர்ந்த உளசிகிச்சையாளர் டேவிட் குரோவ் 1980களில் வகுத்த முறைப்படி, வந்தவர் சொன்ன உருவகத்தை அவருடைய சொல்லாலேயே திருப்பிக் கேட்க வேண்டுமே தவிர, நம் சரக்கை அதில் கலக்கக் கூடாது. “அது எந்த மாதிரி வலை?” என்று கேட்டேன்.

“நைலான் வலை. இஸ்க்க இஸ்க்க இறுகிக்கினே போவும்.”

“அந்த வலையைப் பற்றி வேறு என்ன?”

அவர் பதில் சொல்லாமல், இல்லாத வலையொன்றை என் மேசைமீது இரு கைகளாலும் பரப்பி, கண்ணி கண்ணியாக விரலால் தடவிக்கொண்டே போனார். “மொதல்ல விரிச்சுப் போடணும். எங்க லூசா கீதுன்னு பாத்து, அங்கேந்து பிரிக்கணும்.” மறுவாரம் கடன்களைத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதிவந்து, மளிகைக்கடை பாக்கியை முதலில் எடுத்துவைத்தார்.

உருவகம் பேச்சுக்குப் பூசும் அலங்காரமல்ல, சிந்தனையே அதன்வழிதான் நடக்கிறது என்று மொழியியலாளர் லேக்காஃபும் தத்துவ அறிஞர் ஜான்சனும் 1980இல் எழுதினார்கள். மனசு பாரமாக இருக்கிறது, வயிறு எரிகிறது என்று நாள்முழுதும் பேசுகிற நமக்கு இது புதிதல்ல. ஆனால் எல்லோரிடமும் இதைக் கையாள முடியாது. தலைக்குள் உண்மையிலேயே வலை இருப்பதாக நம்புகிறவரிடம் நான் இப்படிக் கேள்வி கேட்க மாட்டேன், மனநல மருத்துவரிடம் அனுப்புவேன்.

நான்காம் சந்திப்பில், மைத்துனரிடம் வாங்கிய கடன்தான் பிரியாத முடிச்சு என்றார். என் வாய் சும்மா இருக்கவில்லை. அந்த இடத்தை அறுத்துவிட்டால் என்ன என்று கேட்டுவிட்டேன். அவர் என்னைச் சற்று ஏமாற்றத்தோடு பார்த்தார்.

“அறுத்தா ஓட்டை வுழும் சார்.”