தாளடி வயலில் கொக்குக் கணக்கு

வலசைக் கொக்குகளை எண்ணும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த பைனாகுலர் நல்லது என்றுதான். 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்) போதும். முக்காலியில் ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப் (சிறு தொலைநோக்கி), கையில் ஒரு கிளிக்கர் (அழுத்தி எண்ணும் கருவி), சிவப்பு ஒளி டார்ச், பென்சில். கடுங்குளிரில் பேனா எழுதாது. கருவிகளைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. இரவு தங்க வரும் கொக்குகளை எண்ணும் மாலைக் கணக்கு சரியாக வருமா வராதா என்பது பகலில் வயலைச் சுற்றும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடும்.

எந்தக் கொக்கு என்பதை முதலில் தெளிவாக்கிவிடலாம். நம் பேச்சில் வரப்போரம் நிற்கும் வெள்ளைப் பறவையும் கொக்குதான். பறக்கும்போது அது கழுத்தை மடக்கிக்கொள்ளும். இங்கே சொல்வது, கழுத்தை ஈட்டிபோல் நீட்டிப் பறக்கும் வேறொரு குடும்பம். உலகில் 15 இனங்கள். மகுடக் கொக்குகள் இரண்டைத் தவிர மற்றவற்றுக்குப் பின்விரல் குட்டை என்பதால் கிளையைப் பற்றி உட்கார முடியாது. இரவில் ஆழமில்லாத தண்ணீரில் நின்றபடி தூங்கும். நரியோ நாயோ நெருங்கினால் தண்ணீர்ச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். பகலில் சிந்திய தானியம், இரவில் கணுக்கால் அளவு தண்ணீர்: இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் கொக்கு கூடும்.

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பிளாட் ஆற்றங்கரை இதற்குப் பெரிய சாட்சி. ஏறக்குறைய 130 கிலோமீட்டர் நீளத்தில், பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை, 5 லட்சத்துக்கும் மேற்பட்ட சாண்ட்ஹில் கொக்குகள் தங்கிப்போகின்றன. பகலில் அறுவடையில் சிந்திய மக்காச்சோளம், இரவில் அகன்ற மணல்திட்டு ஆறு. ராஜஸ்தானின் கீச்சன் கிராமத்துக்கு டெமாய்செல் கொக்குகள் வருவது இமயமலையைத் தாண்டி. ஊர்க்காரர்கள் ‘குர்ஜா’ என்கிறார்கள். செப்டம்பர் வாக்கில் வந்து மார்ச்சில் திரும்பும் இவற்றுக்கு ஊரே தானியம் போடுகிறது. 2025-ல் அந்த இடம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

பகல் வேலைக்கு வருவோம். அடையும் நீர்நிலையைச் சுற்றியுள்ள வயல்களை வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும்: அறுத்த தட்டை (தாளடி) நிற்கிறதா, உழுதாயிற்றா, விதைத்தாயிற்றா. இந்த ஒரு கட்டத்தை நிரப்பாத கணக்குத்தாள் எங்களுக்கு அரைத்தாள்தான். அறுவடை முடிந்த கையோடு ஆழ உழுதால் சிந்திய மணி மண்ணுக்கடியில் போய்விடும். நேற்று மூவாயிரம் நின்ற வயல் இன்று வெறிச்சோடிக் கிடக்கும். எண்ணிக்கை குறைந்ததென்று பதறுவதற்குமுன் கலப்பை எங்கே போனது என்று பார்க்க வேண்டும். தண்ணீரையும் குச்சி விட்டு அளக்க வேண்டும். 10 முதல் 20 சென்டிமீட்டர் வரை நல்ல ஆழம். மேல்மழையில் அது ஏறிவிட்டால் கொக்குகள் வேறு மேட்டுக்கு நகர்ந்துவிடும், எண்ணுகிறவர் மட்டும் பழைய இடத்தில் காத்திருப்பார்.

மாலையில், சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே மறைவிடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். நீர்நிலையைச் சுற்றி நான்கு பேர் இருந்தால், ஒரு தனிமரம், ஒரு மின்கம்பம் என்று அடையாளம் வைத்து வானத்தை நான்காகப் பிரிப்பது வழக்கம். எல்லோர் கடிகாரமும் ஒரே நேரம் காட்ட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி: நேரம், எண்ணிக்கை, வந்த திசை. எல்லைக்கோட்டில் வந்த கூட்டத்தை இருவரும் எழுதிவிட்டால், நேரத்தை ஒப்பிட்டு ஒன்றை அடிக்கலாம்.

சிறு கூட்டத்தை ஒன்றொன்றாக எண்ணலாம். பெரிய கூட்டம் வந்தால் முதல் பத்தை எண்ணி, அந்தப் பத்து வானத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அந்த அளவால் மீதியை அளக்க வேண்டும். ஆயிரங்கள் வந்தால் நூறின் அளவு. கூட்டம் பெரிதாகப் பெரிதாக மனிதக் கண் குறைத்தே மதிப்பிடும், அனுபவசாலியின் கண்ணும்தான். ஆகவே நாலைந்து கூட்டங்களையாவது படமெடுத்து, மறுநாள் புள்ளி வைத்து எண்ணி, அவரவர் எவ்வளவு தவறுகிறார் என்று தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு சிக்கல், கொக்குகள் நேரே தண்ணீருக்கு வராது. பக்கத்து வயலில் கூடி நின்று, நன்றாக இருட்டியபின் ஒரே எழுச்சியில் வந்து இறங்கும். அந்த நேரத்தில் காதுக்குத்தான் வேலை. காலையில் தண்ணீரை விட்டுக் கிளம்பும்போது எண்ணும் விடியற்கணக்கு இந்தக் குறையைத் தீர்க்கும், மூடுபனி இல்லாவிட்டால். இரண்டும் செய்வதே நல்லது. ஒன்றுதான் முடியுமென்றால் எங்கள் ஓட்டு விடியலுக்கு.

பறவையின் உடலைப் படிக்கத் தெரியாதவரை எண்ண அனுப்பக்கூடாது. மேய்கிற கூட்டத்தில் தலைகள் கீழே இருக்கும், அங்கொன்று இங்கொன்று காவலுக்கு நிமிரும். பல தலைகள் ஒன்றாக நிமிர்ந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும், இன்னும் ஓரடி வைத்தால் கூட்டம் எழும்பும். வண்டிக்குள்ளேயே இருப்பது மேல், இறங்கிய மனித உருவத்துக்குத்தான் அதிகம் மிரளும். தானாகப் புறப்படும் கூட்டம் வேறுமாதிரி: எல்லாம் காற்றுக்கு எதிராகத் திரும்பும், கழுத்தை முன்னே சாய்த்து நீட்டும், அப்படியே சில நொடிகள் நிற்கும், பிறகு இரண்டு மூன்று எட்டு ஓடி எழும்பும். அந்தச் சாய்வைப் பார்த்ததும் கிளிக்கரில் கட்டைவிரல் இருக்க வேண்டும்.

நடுப்பகலில் செய்ய வேண்டியது குடும்பக் கணக்கு. பெரும்பாலும் இரண்டு முட்டைதான் இடும். இளம் பறவை முதல் குளிர்காலம் முழுக்கத் தாய்தந்தையோடு திரியும். சாண்ட்ஹில்லில் வளர்ந்ததற்கு நெற்றி சிவப்புத் தோல், இளசுக்கு அந்த இடம் பழுப்பு இறகு. குரலிலும் தெரியும். வளர்ந்த பறவையின் மூச்சுக்குழல் மார்பெலும்புக்குள் சுருண்டு கிடப்பதால் குரல் எக்காளம்போல் அதிரும். இளசு மெல்லிய சீழ்க்கைதான் அடிக்கும். நூற்றுக்கு எத்தனை இளசு என்பது அந்த ஆண்டின் இனப்பெருக்கத்தைச் சொல்லும்.

உழவரின் கோபத்தை லேசாக எடுக்கவே கூடாது. சிந்திய மணியைத் தின்னும் கொக்கு, விதைப்பு நேரத்தில் சால் பிடித்து நடந்து முளைவிட்ட மக்காச்சோள விதையையும் தோண்டித் தின்றுவிடும். விரட்டினால் அடுத்தவர் வயலுக்குப் போகும், அவ்வளவுதான். அமெரிக்காவில் ஆந்த்ராகுவினோன் என்ற வேதிப்பொருள் கொண்டு விதை நேர்த்தி செய்கிறார்கள். அந்த விதை கொக்குக்குப் பிடிக்காது, கொக்கு அதே வயலில் புழுவும் சிந்திய மணியும் தேடும். இஸ்ரேலின் ஹூலா பள்ளத்தாக்கில் நிலக்கடலை வயல்களைக் காக்கத் தனி இடத்தில் தீனி போட்டார்கள். பயிர் தப்பியது, ஆனால் ஒரே இடத்தில் நெருக்கமும் கூடியது. 2021 டிசம்பரில் பறவைக் காய்ச்சல் புகுந்தபோது அங்கே 5,000-க்கும் மேற்பட்ட கொக்குகள் இறந்தன. அடுத்த குளிர்காலத்தில் ஜப்பானின் இசுமியிலும் ஆயிரத்துக்கும் மேல் இறந்தன. இறந்த பறவையைக் கண்டால் தொடாமல் இடத்தைக் குறித்து, கால்நடைத் துறைக்கு உடனே சொல்ல வேண்டும். மின்கம்பிக்கு அடியில் கிடந்தால் அதையும் எழுத வேண்டும், மங்கிய ஒளியில் கம்பியில் மோதிச் சாவது இவற்றுக்குப் பெரிய ஆபத்து.

புறப்படும் நாளை ஓரளவு கணிக்கலாம். வானம் தெளிந்து, கொக்குகள் போக வேண்டிய திசைக்கே காற்று திரும்பினால், நிலம் சூடேறும் முற்பகலில் கூட்டங்கள் வட்டமிட்டு உயரும். ஏறிய உயரத்திலிருந்து சரிந்து சறுக்கி அடுத்த வெப்பக்காற்றைப் பிடிக்கும். அன்று மாலையும் நால்வரும் தங்கள் இடங்களில் உட்கார வேண்டும். ஒன்றும் வராவிட்டால் ஐந்து நிமிடத்துக்கொருமுறை சுழியம் என்று எழுதி, பக்கத்தில் தண்ணீர் ஆழமும் காற்றின் திசையும் எந்த வயலில் இன்னும் தட்டை நிற்கிறது என்பதும் குறித்துவைக்க வேண்டும்.