கிடங்கில் ஒரு மலப் பரிசோதனை ஏற்பாடு

சிங்கப்பூரில் 50 வயதைத் தொட்ட குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பெருங்குடல் புற்றுநோய்க்கான மலப் பரிசோதனைப் பெட்டியைச் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் இலவசமாகவே தருகிறது. நான் வேலை பார்க்கும் கிடங்கில் அந்த வயதைத் தாண்டியவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனாலும் அதை வாங்கிச் செய்தவர்கள் பெரும்பாலும் மாடி அலுவலகத்தில் இருப்பவர்கள்தான். மார்ச் விழிப்புணர்வு மாதம் என்று ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வரும். கீழே சரக்கு அடுக்குபவர்களுக்கும் துப்புரவு அக்காமார்களுக்கும் அலுவலக மின்னஞ்சலே கிடையாது. நலக்குழுவில் சேர்ந்ததும், கீழே இருப்பவர்களுக்கும் இதைக் கொண்டுசேர்க்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஷிப்ட் மாறும் நேரத்தில் ஓய்வறையில் பேசினோம். தமிழில் நான், மலாயிலும் சீனத்திலும் சக ஊழியர்கள். "ரத்தம் போனா அது மூலம்தான் தம்பி, உடம்புச் சூடு. மோர் குடிச்சா சரியாயிடும்" என்றார் ஓர் அக்கா. கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பரிசோதனை, எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் செய்ய வேண்டியது என்றேன். ரத்தம் கண்ணுக்கே தெரிகிறது என்றால் பெட்டிக்குக் காத்திருக்காமல் நேரே மருத்துவரிடம் போக வேண்டும் என்றும் சொன்னேன். அடுத்த நாளே அந்த அக்கா பலதுறை மருந்தகத்துக்கு, அதாவது அரசு பாலிகிளினிக்குக்கு, போனார்.

பேச்சைவிடக் காலிக் குழாயைக் கையில் கொடுத்ததுதான் வேலை செய்தது. மூடியோடு ஒரு சின்னக் குச்சி. மலம் தண்ணீரில் விழாமல் தாள் விரித்துப் பிடித்து, அதன் மேல் நாலைந்து இடத்தில் குச்சியால் சுரண்டி, குழாய்க்குள் செருகி, இறுக மூடி, தேதி எழுத வேண்டும். இரண்டு குழாய், இரண்டு வெவ்வேறு நாள். சாப்பாட்டில் கட்டுப்பாடு எதுவும் இல்லை. "அவ்வளவுதானா?" என்று கேட்டவர்கள்தான் முதலில் பெயர் கொடுத்தார்கள்.

வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் வெளிநாட்டு அண்ணன்மார்களுக்கு இந்த இலவசம் கிடையாது. "திட்டத்தில் இல்லையே" என்று நிர்வாகம் முதலில் கைவிரித்தது. ஒரே பெல்ட்டில் நின்று ஒரே பெட்டியைத் தூக்குகிறவர்களில் ஒருவருக்கு உண்டு, இன்னொருவருக்கு இல்லை என்றால் அறிவிப்புப் பலகையில் நான் என்ன எழுதி ஒட்டுவது என்று கேட்டேன். இரண்டு கூட்டம் இழுத்தது. கடைசியில் 50 வயதைத் தாண்டிய அவர்களுக்குக் கிளினிக் செலவை நிறுவனமே ஏற்றுக்கொண்டது.

உண்மையான சிக்கல் முடிவு வந்த பிறகுதான். ரத்தம் இருக்கிறது என்று வந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. ஆனால் பெருங்குடலுக்குள் கேமரா குழாயை விட்டுப் பார்க்கும் கொலனாஸ்கோபி செய்தே ஆக வேண்டும். பாலிப் என்கிற சதை வளர்ச்சி இருந்தால், பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடுவார்கள். அது புற்றாக மாறப் பல வருடம் ஆகும் என்பதால் அந்த ஒரு காலைப்பொழுது அவ்வளவு முக்கியம். அதற்கு முந்தைய மாலையே குடலைச் சுத்தப்படுத்தப் பேதி மருந்து குடிக்க வேண்டும். இரவு ஷிப்டுக்காரர் அதைக் குடித்துவிட்டு ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட முடியுமா? மறுநாளுக்கு மருத்துவ விடுப்புச் சீட்டு கிடைக்கும், முந்தைய இரவுக்கு யார் சம்பளம் தருவது? எங்கள் ஆட்களில் ஒருவர் இதனாலேயே தேதியைத் தள்ளிக்கொண்டே போனார். சூப்பர்வைசரோடு உட்கார்ந்து, தயாரிப்பு இரவையும் சம்பள விடுப்பாகப் பட்டியலில் போட வைத்தோம். மயக்க மருந்து கொடுப்பதால் கூட்டிவர ஆள் வேண்டும். குடும்பம் ஊரில் இருப்பவருக்கு அன்று துணைக்குப் போகிற சக ஊழியருக்கும் அரைநாள் விடுப்பு. தேதியைத் தள்ளிக்கொண்டே இருந்தவர் கடைசியில் போனார். பாலிப்பை எடுத்துவிட்டார்கள். மறுபடி எப்போது வர வேண்டும் என்று தேதியும் கொடுத்திருக்கிறார்கள்.

துப்புரவு அக்காமார்கள் ஒப்பந்ததாரரின் ஆட்கள் என்பதால் அவர்களுக்கு இந்த விடுப்பு இன்னும் கிடைக்கவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அதைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் இடத்தில் யாராவது இதைச் செய்திருந்தால், ஒப்பந்தத்தில் எப்படி எழுதினீர்கள் என்று சொல்லுங்கள்.