தாய்ப்பால் வங்கிக் குறிப்புகள்: ஆகஸ்ட் 2024

ஆகஸ்ட் 1, வியாழன்

தாய்ப்பால் வாரம் தொடங்கிவிட்டது, தானம் தர வருகிறவர்கள் கூடுவார்கள். எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ் ஆகிய நான்கு இரத்தச் சோதனைகள் எல்லோருக்கும் உண்டு. புகை, மது, தினசரி மாத்திரை, மார்பில் பால்கட்டு, காய்ச்சல் பற்றியும் கேட்க வேண்டும். சொந்தப் பிள்ளை குடித்தது போக மிஞ்சியதைத்தான் வாங்குகிறோம்.

ஆகஸ்ட் 3, சனி

கிருமி சாக, தானப் பாலைச் சூடாக்கும் நாள். 62.5 டிகிரியில் 30 நிமிடம். தொட்டித் தண்ணீர் 62.5 ஆனதும் நிமிடத்தை எண்ணத் தொடங்குவதுதான் வழக்கமான தப்பு. நடு பாட்டிலில் உள்ள பால் அந்தச் சூட்டுக்கு வந்த பிறகே எண்ண வேண்டும். முடிந்ததும் ஐஸ் தண்ணீரில் இறக்கி 4 டிகிரிக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு ஈட்டிலும் கொஞ்சம் எடுத்துக் கல்சருக்கு, அதாவது கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு, அனுப்புகிறோம். முடிவு வரும்வரை அந்த பாட்டில்கள் மைனஸ் 20ல், தனித் தட்டில். ஒரு கிருமி முளைத்தாலும் மொத்த ஈடும் சாக்கடைக்கு.

சூடாக்குவதற்கு முன்னும் கல்சர் எதற்கு என்று கேட்கிறார்கள். ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா சூட்டில் செத்துவிடும், அது கக்கி வைத்த நச்சு சாகாது. அதனால் சுத்தம் பால் பீய்ச்சும் இடத்திலேயே தொடங்க வேண்டும்.

ஆகஸ்ட் 5, திங்கள்

பிள்ளை பெற்ற பக்கத்து வீட்டுக்காரி பால் கொடுப்பது நம் ஊருக்குப் புதிதில்லை. ஆனால் அது நேரே மார்பில் குடித்த பால். இப்போது வங்கிக்கு வராமல் வீட்டுக்கு வீடு கைமாறும் பால், பீய்ச்சும் பம்ப், பை, ஃப்ரீசர், ஆட்டோ என்று பயணம் போகிறது, ஒவ்வொரு கட்டத்திலும் கெட வழியுண்டு. பம்பின் புனலைக் கழுவுவார்கள், வால்வைக் கழற்ற மாட்டார்கள். அதன் மடிப்பில்தான் பால் காய்ந்து நிற்கும். காற்றுக் குழாய்க்குள் பால் ஏறியிருந்தால் குழாயையே மாற்றிவிடுங்கள். கழுவத் தனிப் பேசின், சிங்க் தொட்டி வேண்டாம்.

வீட்டில் சூடாக்கியே ஆக வேண்டுமென்றால்: மூடாத கண்ணாடி பாட்டிலில் 50 முதல் 150 மில்லி பால், பாத்திரத்துத் தண்ணீர் பால் மட்டத்துக்கு இரண்டு விரல் மேலே, பெரிய தீ. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் பாட்டிலை எடுத்துவிட வேண்டும். எச்ஐவி உள்ள தாய்மாருக்காக ஆப்பிரிக்காவில் சோதித்த முறை இது. மருந்தையும் நச்சையும் இது நீக்காது.

காசுக்கு வாங்குவது வேறு கதை. 2015ல் வெளியான அமெரிக்க ஆய்வில், இணையத்தில் வாங்கிய 102 மாதிரிகளில் 11ல் மாட்டு டிஎன்ஏ இருந்தது. இங்கே தாய்ப்பால் விற்பனை கூடாதென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் மே மாதமே அறிவித்துவிட்டது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

குறைமாதப் பிள்ளைகளுக்குப் போகும் பால். முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் மெதுவாக உருகும். அவசரமென்றால் வெதுவெதுப்பான தண்ணீர், மைக்ரோவேவ் கூடாது. உருகியதை 24 மணிக்குள் முடிக்க வேண்டும், திரும்ப உறைய வைக்கக் கூடாது. சூடாக்கியதில் கொழுப்பைச் செரிக்க உதவும் லிப்பேஸ் நொதி போய்விடும், கொழுப்பு சரியாகச் செரிக்காது, எடை மெதுவாகத்தான் ஏறும். தாயின் சொந்தப் பால் 2 மில்லி வந்தாலும் அதற்கே முதலிடம்.

சிரிஞ்ச் பம்பில் கொடுக்கும்போது சிரிஞ்சின் முனை மேல்நோக்கி இருக்கட்டும். சிரிஞ்சைப் படுக்க வைத்தால் மிதக்கும் கொழுப்பு சிரிஞ்சிலேயே ஒட்டி நின்றுவிடும்.