சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஒரு பள்ளிக்கூடம்

கட்டடத்தை இடிப்பதற்கு முன்னால் அதை அளந்து வரைபடம் எடுத்துவைப்பது என் வேலை. 22 ஆண்டுகளாக இதைத்தான் செய்கிறேன். டேப், லேசர் மீட்டர், ஒரு நோட்டு, கூட ஓர் உதவியாளர். அறையின் நீளம், அகலம், சுவரின் கனம், தரையிலிருந்து ஜன்னல் எவ்வளவு உயரம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறிப்போம். மூலைக்கு மூலை குறுக்களவும் எடுப்போம். மூலைமட்டம் வைத்தால் கச்சிதமாக உட்காருகிற மூலை பழைய கட்டடங்களில் அபூர்வம். குறுக்களவு இல்லாவிட்டால் அறை எந்தப் பக்கம் கோணியிருக்கிறது என்பதே தெரியாமல் போகும். கிடங்கு, அலுவலகம், குடியிருப்பு என்று எத்தனையோ அளந்தாகிவிட்டது. மனசை விட்டு இறங்காமல் இருப்பது ஒரு பள்ளிக்கூடம்.

அதை இடித்தது சரிதான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கான்கிரீட்டுக்குள் ஈரமும் காற்றும் புகுந்து கம்பி துருப்பிடித்தால், அந்தத் துரு இரும்பு இருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து நெட்டும். முதலில் மயிரிழைபோல ஒரு விரிசல், பிறகு பொருக்கு, பிறகு தட்டுத் தட்டாகப் பெயர்ந்து விழும். சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். நல்ல கான்கிரீட் கணீரென்று பதில் சொல்லும். இங்கே நான்கு வகுப்பறைகளின் கூரையிலும் பொத் பொத்தென்றுதான் சத்தம் வந்தது. அடியில் பிள்ளைகள் உட்காரும் கூரை அது. யாருடைய நினைவுக்காகவும் அதை விட்டுவைக்க முடியாது.

அளந்துகொண்டு போகும்போதே சில விஷயங்கள் கண்ணில் பட்டன. ஐந்தாம் வகுப்பு வாசலில் ஒரு கல் படி. 6 அங்குல உயரம். நடுவில் மட்டும் தேய்ந்து, உள்ளங்கையை வைத்தால் அடங்குகிற அளவுக்குக் குழிந்திருந்தது. எத்தனை கால்கள் ஏறி இறங்கிக் கல் அப்படி ஆகியிருக்கும்! குனிந்து கையை வைத்துப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. எங்கள் முறைப்படி படி என்றால் இரண்டு கோடு, பக்கத்தில் உயரம். குழிக்குக் குறியீடு கிடையாது. "படி, 6 அங்குலம்" என்று எழுதிவிட்டு அடுத்த அறைக்குப் போனேன். கதவு நிலையில் பென்சிலால் போட்ட உயரக் கோடுகள் இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு முதலெழுத்து. கரும்பலகையைக் கழற்றியபோது பின்னாலிருந்த சுவரில் அதற்கும் முந்திய பலகை ஒன்று, சுவரிலேயே கறுப்புப் பூசியது, தெரிந்தது. அதன் மேல் விளிம்பில் தேதி எழுதும் இடம் கோடு போட்டுக் காலியாகக் கிடந்தது. இதெல்லாம் என் நோட்டில் இல்லை. இப்போது ஞாபகத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

இடிக்கப்போகிற செய்தி பரவியதும் பழைய மாணவர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். வந்தவர்களில் அநேகம் பேர் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "இவ்வளவுதானா சார் வராந்தா?" வராந்தாவின் அகலம் 7 அடி. குறைந்தது 15 அடி இருக்கும், இதில்தான் ஓட்டப்பந்தயம் விட்டோம் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். டேப்பைப் பிடித்துக் காட்டிய பிறகும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. அவரைத் தப்பு சொல்ல மாட்டேன். ஓடியபோது அவருடைய கண் தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் இருந்திருக்கும். இடுப்பளவில் இருக்கும் ஜன்னல் திண்டு அன்றைக்கு அவர் நெஞ்சுக்கு வந்திருக்கும். பிள்ளை தன் உடம்பை வைத்துத்தான் உலகத்தை அளக்கிறது. அந்த 15 அடி, அவர் உடம்பு எடுத்த அளவு.

அடுத்து நடந்ததைச் சொல்ல இப்போதும் சங்கடமாக இருக்கிறது. இடிப்பு ஒரு வியாழக்கிழமை என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தோம். புதன்கிழமை கடைசியாக ஒருமுறை உள்ளே நடந்து பார்க்கிறோம் என்று கேட்டிருந்தார்கள், சரி என்று ஒப்புக்கொண்டிருந்தோம். இயந்திரம் முன்கூட்டியே கிடைத்துவிட்டதால் ஒப்பந்தக்காரர் செவ்வாய்க்கிழமையே வேலையைத் தொடங்கிவிட்டார். வழக்கமான வரிசைதான்: மின்சாரமும் தண்ணீரும் துண்டிப்பு, கதவு ஜன்னல் கழற்றல், அப்புறம் மேலிருந்து கீழாக, கட்டியதற்கு நேர் எதிர் வரிசையில். தேதி மாறியதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அழைக்க வேண்டிய எண்கள் என் போனிலேயே இருந்தன.

புதன்கிழமை காலை வந்தவர்களில் 70 வயதைத் தாண்டிய ஓர் அம்மாவும் இருந்தார். பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றார். தூசி அடங்கத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். "அஞ்சாங் கிளாஸ் எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்டார். குவியலைக் கை காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்து, இதுதான் அம்மா உங்கள் வகுப்பு என்று விரல் வைத்துக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இதுல என் இடம் எங்க இருக்கு?" என்றார்.

மில்லிமீட்டர் பிசகாத வரைபடம் அது. அந்தக் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

கிரேக்கக் கவி சிமோனிடீஸைப் பற்றி ரோமானியப் பேச்சாளர் சிசரோ எழுதிவைத்த ஒரு கதை உண்டு. ஒரு பிரபுவின் வீட்டு விருந்தில் கவி பாடி முடிக்கிறார். வாசலில் யாரோ தேடுகிறார்கள் என்று சொல்ல, எழுந்து வெளியே போகிறார். அந்த நேரத்தில் விருந்து மண்டபம் இடிந்து விழுந்து உள்ளே இருந்த அத்தனை பேரும் நசுங்கிப்போகிறார்கள். அடக்கம் செய்ய வந்த உறவினர்களால் எந்த உடல் யாருடையது என்று சொல்ல முடியவில்லை. சிமோனிடீஸ் கண்ணை மூடி, யார் யார் எங்கே அமர்ந்திருந்தார்கள் என்று வரிசையாக நினைத்துப் பார்த்து ஒவ்வொருவரையும் அடையாளம் காட்டுகிறார். நினைவு இடத்தில்தான் தங்குகிறது என்பதை மனிதர்கள் கண்டுகொண்ட கதையாக இதைச் சொல்வார்கள். கல்லூரியில் கேட்டபோது இது எனக்கு வெறும் கதை. அந்தப் புதன்கிழமை ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோது இது ஞாபகத்துக்கு வந்தது. இடிந்த கட்டடம், உட்கார்ந்திருந்த வரிசை, கையில் ஒரு வரைபடம்.

இடிபாடுகளை அள்ளித் தரையைச் சமன்படுத்திய பிறகு, புதிய அஸ்திவாரம் தோண்டுவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. சனிக்கிழமை நானும் உதவியாளரும் முளை அடித்து, நூல் கட்டி, பழைய பள்ளிக்கூடத்தின் தரைப்படத்தை அதே இடத்தில் சுண்ணாம்புத் தூளால் போட்டோம். புதுக் கட்டடத்துக்குத் தரையில் கோடு போடுவதென்றால் 3-4-5 கணக்கில் (முக்கோணத்தின் பக்கங்கள் 3, 4, 5 அடி என்றால் மூலை செங்கோணம்) மூலையைப் பிடித்துவிடலாம். இந்தக் கட்டடம் கோணல். கோணலை அப்படியே கொண்டுவர வேண்டுமானால் குறுக்களவுதான் கதி. அன்றைக்கு எடுத்துவைத்த ஒவ்வொரு குறுக்களவும் அன்று கை கொடுத்தது. வாசல் வருகிற இடங்களில் கோட்டை விட்டுவிட்டோம். சாயங்காலம் எட்ட நின்று பார்த்தபோது வெள்ளைக் கோட்டில் ஒரு பள்ளிக்கூடம் படுத்திருந்தது.

மறுநாள் நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். அன்று பார்த்ததை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. ஒருவர்கூடச் சுவரைத் தாண்டவில்லை! தரையில் வெறும் தூள்தான், கால் வைத்தால் கலையும். ஆனால் அத்தனை பேரும் வராந்தா வழியாக நடந்து, கோடு விட்டிருந்த வாசலில் திரும்பித்தான் வகுப்புக்குள் போனார்கள். தாமதமாக வந்த ஒருவர் ஆறாம் வகுப்பு வாசலில் ஒரு நொடி நின்றுவிட்டு உள்ளே போனார். அவருக்கே தெரிந்து நின்றதாக எனக்குத் தோன்றவில்லை.

எலியின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில், குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு எலி வரும்போது மட்டும் துடிக்கிற செல்கள் இருப்பதை மூளை ஆய்வாளர் ஜான் ஓ'கீஃப் 1971இல் எழுதினார். அந்த வழியில் நடந்த ஆய்வுகளுக்கு 2014இல் நோபல் பரிசு வந்தது. நமக்கு நடந்ததை நினைவில் வைக்கவும் அதே பகுதிதான் வேண்டும். இதைப் படித்தபோது எனக்கு அந்த வாசலில் நின்றவர்தான் கண்முன் வந்தார்.

உள்ளே போனதும் பேச்சு தானாக வந்தது. யாரும் "எனக்கு நினைவிருக்கிறது" என்று தொடங்கவில்லை. "இங்கே" என்றுதான் தொடங்கினார்கள். இங்கேதான் முட்டி போட்டேன். இங்கே நின்றுதான் "உள்ளேன் ஐயா" சொல்லக் குரல் வராமல் முழித்தேன். இங்கே உட்கார்ந்தால்தான் மணி அடிப்பவர் வருவது முதலில் தெரியும். இரண்டு நண்பர்கள் தங்கள் பெஞ்சு முதல் ஜன்னல் பக்கமா இரண்டாவது ஜன்னல் பக்கமா என்று மல்லுக்கு நின்றார்கள். பின்வரிசைக்காரர் ஒரு பெண்மணி, "கடைசி பீரியட்ல வெயில் உங்க நோட்டு மேலதான் விழும், நீங்க கையால மறைச்சு எழுதுவீங்க, அப்போ ரெண்டாவதுதான்" என்று தீர்த்துவைத்தார். மேற்குச் சுவரில் இருந்தது அந்த ஒரு ஜன்னல்தான். வரைபடத்தில் சரிபார்த்தேன்.

எல்லாமே இனிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. நல்ல உயரமான ஒருவர் எட்டாம் வகுப்புக் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டார். கூப்பிட்டார்கள். "இல்லப்பா, அந்த ரூமுக்குள்ள நான் வரல" என்றார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, வற்புறுத்தவும் இல்லை. கட்டடமே போன பிறகும் அந்த அறை அவருக்குள் அப்படியே நிற்கிறது. அவர் உள்ளே வராததையும் சேர்த்துத்தான் அந்தப் பள்ளிக்கூடத்தின் வரைபடம் என்று நான் எண்ணுகிறேன்.

1688இல் பாசல் நகரில் ஜொஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரைப் பிரிந்தவர்களை வாட்டும் ஏக்கத்தை ஒரு நோயாகவே எழுதி, அதற்குக் கிரேக்கச் சொற்களைக் கோத்து 'நாஸ்டால்ஜியா' என்று பெயர் வைத்தார். திரும்பிப் போதல், வலி, இரண்டும் சேர்ந்த சொல். மருந்து, ஊருக்கு அனுப்பிவைப்பது. இடித்த பள்ளிக்கூடத்துக்கு யாரை எப்படி அனுப்புவது?

அதனால்தான் இப்போது என் வேலை முறையையே மாற்றிக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடம் என்றால் இரண்டு தாள். ஒன்று, வழக்கமான அளவுப்படம். இன்னொன்றைப் பழைய மாணவர்களை உள்ளே நடக்கவிட்டு, கட்டடம் நிற்கும்போதே அவர்கள் சொல்லச் சொல்லக் குறிப்பது. "என்ன ஞாபகம் இருக்கிறது?" என்று கேட்டால் பாதிப் பேர் தலையைச் சொறிவார்கள். "எந்த பெஞ்சு, இடது பக்கம் யார், கதவு என்ன சத்தம் போடும்?" என்று கேட்டால் நிறுத்த முடியாது. 1975இல் வெளியான ஓர் ஆய்வில் உளவியலாளர் ஹாரி பாரிக்கும் சகாக்களும் பள்ளி முடித்த 392 பேரைச் சோதித்தார்கள். 35 ஆண்டு கழிந்தவர்கள்கூட வகுப்புத் தோழர்களின் முகங்களைப் படத்தில் 100க்கு 90 வரை அடையாளம் கண்டார்கள்; படம் எதுவும் இல்லாமல் பெயரைச் சொல் என்றபோது வந்தது மிகக் குறைவு. கைப்பிடி ஒன்று கிடைத்தால் போதும், நினைவு ஏறி வந்துவிடுகிறது. அந்தக் கைப்பிடியைத்தான் நாங்கள் லாரியில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தோம்.

அந்த அம்மாவும் ஞாயிற்றுக்கிழமை வந்தார். இந்த முறை நானே போன் செய்திருந்தேன். பேத்தியின் தோளைப் பிடித்தபடி வராந்தாக் கோட்டில் மெதுவாக நடந்து வந்தவர், ஐந்தாம் வகுப்பு வாசலில் அவள் தோளை விட்டார். இடது கையை நீட்டி, இல்லாத கதவு நிலையைப் பிடித்தார். வலது காலை உயர்த்தி வைத்தார். நான் படியைக் கோட்டில் போடவே இல்லை. சமதரையில் போட முடியாது என்று விட்டிருந்தேன். அவர் கால் சரியாக 6 அங்குலம் எழும்பியது.

இரண்டாவது வரிசைக்குப் போய், பேத்தி கொண்டுவந்த பாயை மறுத்துவிட்டு, தரையில் சுவரோரமாக உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உடனே எழ முயன்றார். என்ன அம்மா என்று ஓடினேன். "ஒண்ணுமில்ல தம்பி. சுவரோரம் அவ இடம். நான் இந்தப் பக்கம்" என்று சொல்லிக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். கோட்டுக்கும் அவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

டேப்பை எடுத்து அளந்தேன். 16 அங்குலம். வரைபடத்தில் குறித்துக்கொண்டேன்.