கத்திரி வெயிலில் உருகாத புட்டிங்

கத்திரி தொடங்கிவிட்டால் மத்தியானத்தில் அடுப்படிப் பக்கம் தலைவைக்க முடிவதில்லை. ஆனால் லீவில் இருக்கும் பிள்ளைகள் நாலு மணிக்கு இனிப்பாக ஏதாவது வேண்டும் என்று வந்து நிற்பார்கள், கடலூர் வெயிலில் ஓவனைப் போட எனக்கு மனசே வராது.

போன வருஷம் மகள் பிறந்தநாளுக்கு ஜெலட்டின் போட்டு மாம்பழ புட்டிங் செய்தேன். பிரிட்ஜிலிருந்து எடுக்கும்போது அழகாக நின்றது, போட்டோ எடுத்துவிட்டு எல்லோரும் உட்காருவதற்குள் பாதி தட்டில் ஓடிவிட்டது. அவள் முகம் வாடியதை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது. மாடி வீட்டு அக்காவுக்குப் பரங்கிப்பேட்டை. அவர்தான், “இந்த வெயில்ல அது எப்படிம்மா நிக்கும்? கடல்பாசி வாங்கிப் போடு, நோன்பு முழுக்க நாங்க அதைத்தானே செய்யறோம்” என்றார்.

ஜெலட்டின் 35 டிகிரியைத் தொடுவதற்குள்ளேயே உருகிவிடும். கடல்பாசியோ, அதாவது கடையில் விற்கும் சைனா கிராஸ், ஒருமுறை உறைந்துவிட்டால் 85 டிகிரி சூடு வந்தால்தான் இளகும். கரண்ட் போனாலும் கவலையில்லை. பண்ருட்டியில் அம்மா வீட்டுக்கு பஸ்ஸில் டப்பாவோடு எடுத்துப்போனேன், வெட்டிய துண்டு வெட்டியபடியே இருந்தது.

நான் செய்வது இளநீர் கடல்பாசி. மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று கேட்டால் தருவார்கள். 10 கிராமை நறுக்கி, இரண்டு டம்ளர் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, அதே தண்ணீரோடு சின்ன தீயில் ஒரு இழைகூடத் தெரியாத வரை கிளறுங்கள், இதில் மட்டும் அவசரப்படவே கூடாது. சர்க்கரையும் ஒரு டம்ளர் சூடான பாலும் சேர்த்து வடிகட்டி இறக்கிவிட்டு, இரண்டு டம்ளர் இளநீரை ஊற்றிக் கலக்குங்கள். இளநீரைக் கொதிக்கவிட்டால் அந்த ருசியே போய்விடும். பிரிட்ஜில் வைத்த இளநீரும் வேண்டாம், 40 டிகிரிக்குக் கீழே வந்ததுமே கடல்பாசி உறைய ஆரம்பிப்பதால் சில்லென்று ஊற்றினால் திரிதிரியாகப் போய்விடும், முதல் தடவை எனக்கு அப்படித்தான் ஆனது. அப்புறம் பொடியாக நறுக்கிய வழுக்கை, இளசான நுங்கு. கிண்ணத்தைத் தண்ணீர் நிரம்பிய தாம்பாளத்தில் வைத்தால் வெளியிலேயே இறுகும், பிரிட்ஜ் சில்லென்று சாப்பிடத்தான். நுங்கு போட்டிருந்தால் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், மறுநாள் தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

அன்னாசியிலும் செய்யலாம். வேகவைக்காத அன்னாசியைப் போட்டால் ஜெலட்டின் உறையவே உறையாது, பழத்திலுள்ள நொதி அதைக் கரைத்துவிடும், கடல்பாசிக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆனால் புளிப்புச் சாறு எதுவானாலும் இறக்கிய பிறகே ஊற்றுங்கள், கூடவே கொதித்தால் சரியாக இறுகாது.

அம்மா வீட்டிலிருந்து பலாச்சுளை வந்திருக்கிறது. சாயங்காலம் இளநீரில் அதைப் போட்டுப் பார்க்கப் போகிறேன், முதல் கிண்ணம் மாடி வீட்டு அக்காவுக்கு.