புகார் கொடுத்தது சரிதானா

“நான் அனுப்பினா குப்பை, உங்க முதலாளி அனுப்பினா வியாபாரமாண்ணா?” என்று, கேட்காமல் மொத்தமாக விளம்பர மெயில் அனுப்பியதற்காக நான் புகார் கொடுத்த ஓர் இளைஞர் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபமாகப் பதில் சொல்லி அதோடு முடித்திருப்பேன். உண்மையாகவே விடை தெரிந்துகொள்ள வேண்டும் என்பவரைப் போல அவர் கேட்டதால்தான் அந்தக் கேள்வி இன்னும் என்னை விடாமல் இருக்கிறது. நான் சொன்ன பதிலில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது அவர் கேட்டதற்கான பதில்தானா என்று நினைக்கும்போதெல்லாம் தடுமாறுகிறேன்.

குன்னூரை ஒட்டிய ஒரு தேயிலை பேக்டரியில் கம்ப்யூட்டரும் மெயிலும் என் பொறுப்பு. ஏலக் கேட்டலாக், விற்ற லாட்டுகளின் விவரம், சாம்பிள் கேட்டு வரும் கடிதங்கள், இன்வாய்ஸ் என எல்லாமே மெயிலில்தான் ஓடுகின்றன என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஆபீஸில், ஏல வாரத்தின் நடுவில், நாங்கள் அனுப்பிய மெயில்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரத் தொடங்கின. 550 என்று தொடங்கும் மறுப்புச் செய்தியோடு, எங்கள் சர்வரின் ஐபி முகவரி ஸ்பாம்ஹவுஸ் பட்டியலில் இருப்பதாகக் காரணமும் எழுதப்பட்டிருந்தது. ஸ்பேம், அதாவது யாரும் கேட்காமல் மொத்தமாக அனுப்பப்படும் மெயில், எந்த முகவரிகளில் இருந்து வருகிறது என்று பட்டியலிடும் அமைப்பு அது. 1998 முதல் இயங்கிவரும் அந்த அமைப்பின் பட்டியலை உலகம் முழுவதும் உள்ள மெயில் சர்வர்கள் ஒவ்வொரு மெயிலையும் உள்ளே விடும் முன் பார்த்துக்கொள்கின்றன. எங்கள் பேக்டரி யாருக்கும் ஸ்பேம் அனுப்பியதில்லை. ஆனால் எங்கள் டொமைன், அதாவது எங்கள் பெயரிலான இணைய முகவரி, இருந்தது கோவை ரீசெல்லர் ஒருவரிடம் வாங்கிய ஷேர்டு ஹோஸ்டிங்கில். நூற்றுக்கணக்கான இணையதளங்கள் ஒரே சர்வரில், ஒரே ஐபி முகவரியில் குடியிருக்கும் ஏற்பாடு அது. அங்கே யாரோ ஒருவர் அனுப்பியதற்கு எல்லோரும் தண்டனை அனுபவித்தோம்.

அந்த நாட்களில் வேறு வழியில்லாமல் மேனேஜரின் சொந்த ஜிமெயிலில் இருந்து இன்வாய்ஸ் அனுப்பினோம். அதில் எனக்கு இருந்த சங்கடத்தைச் சொல்ல வேண்டும். பேங்க் கணக்கு மாறிவிட்டது, இனிமேல் இந்தப் புதிய கணக்குக்குப் பணம் போடுங்கள் என்று வியாபாரியின் பெயரில் போலி மெயில் அனுப்பி ஏமாற்றுவது பரவலாக நடக்கிறது. அதனால் எங்கள் டொமைன் தவிர வேறு எந்த முகவரியில் இருந்து இன்வாய்ஸ் வந்தாலும் நம்பாதீர்கள் என்று வாங்குபவர்கள் அனைவருக்கும் நானே எழுதியிருந்தேன். இப்போது நாங்களே அந்த மோசடிக்காரர்களின் சாயலில் அவர்கள் முன் நின்றோம். கொச்சியில் இருந்து ஒரு வாடிக்கையாளர் போன் செய்து, “இது நீங்கள் அனுப்பியதுதானா?” என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். அவர் செய்தது முற்றிலும் சரி. நான் கற்றுக்கொடுத்த எச்சரிக்கை எனக்கு எதிராகவே வேலை செய்தது.

அனுப்பியவரைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை, ஏனென்றால் அவருடைய மெயில் எங்களுக்கும் வந்திருந்தது. ‘ரீ:’ என்று தொடங்கும் தலைப்பு, நாங்கள் ஏதோ விசாரித்ததற்குப் பதில் போல. உள்ளே கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்து ஹோம்ஸ்டேக்களின் படங்கள், இ-பாஸ் எடுக்க உதவுவோம் என்ற வாக்குறுதி, ஒரு மொபைல் எண். கடைசியில் வெளிர் சாம்பல் நிறத்தில், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத எழுத்தில், இனி வேண்டாம் என்பவர்களுக்கான லிங்க். அதை அழுத்தினால் பக்கமே இல்லை என்று வந்தது. அதற்கும் கீழே ஒரு புள்ளி அளவே உள்ள படம் ஒன்று ஒளிந்திருந்தது. அந்தப் படத்தின் முகவரியின் வாலில் எங்கள் மெயில் முகவரி கோர்க்கப்பட்டிருந்தது. மெயிலைத் திறந்த உடனே, இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும்.

என்னை நிறுத்தியது வேறொன்று. மெயில் வந்து சேர்ந்த முகவரியில், டொமைனுக்கு முன்னால் உள்ள எங்கள் பெயரின் ஓர் எழுத்து தவறாக இருந்தது. டொமைனுக்கு வரும் எல்லா மெயிலும் ஒரு பெட்டியில் விழும்படி நான் வைத்திருந்ததால் அது வந்து சேர்ந்தது. அந்தப் பிழை ஒரே ஓர் இடத்தில்தான் அச்சாகியிருந்தது: பழைய தொழில் டைரக்டரி ஒன்றில். ஆக, அவருடைய லிஸ்ட் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துவிட்டது. பிறகு மெயிலின் ஹெடரை, அதாவது மெயில் வந்த வழியைச் சொல்லும் மறைவான தலைப்பு வரிகளை, கீழிருந்து மேலாகப் படித்தேன். அனுப்புநர் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ள முடியும். மெயில் அனுப்புவதற்காக 1982-இல் ஜான் போஸ்டல் வகுத்த எஸ்எம்டிபி விதிமுறை, அனுப்புபவர் சொல்வதை அப்படியே நம்பியது. ஒருவரை ஒருவர் அறிந்த சிறு கூட்டத்துக்காக எழுதப்பட்ட விதி அது. ஆனால் எந்தக் கணக்கின் எந்த ஸ்கிரிப்ட் (தானாக இயங்கும் சிறு நிரல்) அந்த மெயிலை அனுப்பியது என்பதை எங்கள் சர்வரே ஹெடரில் ஒரு வரியாகக் குறித்து வைத்திருந்தது.

மெயிலில் இருந்த எண்ணுக்கு முதலில் போன் செய்தேன். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, நேராகப் புகாருக்குப் போனவன் அல்ல நான். விஷயத்தை விளக்கினேன், பட்டியலைப் பற்றியும், எங்கள் மெயில் திரும்புவதைப் பற்றியும் சொன்னேன். “சாரிண்ணா, தெரியாமப் போச்சு, நிறுத்திடறேன்” என்றார். சில நாட்களில் அதே ஸ்கிரிப்டில் இருந்து, வேறொரு அனுப்புநர் பெயரில், அதே படங்களோடு மெயில் மறுபடியும் வந்தது. அதன் பிறகுதான் ஹோஸ்டிங் நிறுவனத்தில் இப்படிப்பட்ட தவறான பயன்பாட்டைப் புகார் செய்வதற்கென்று உள்ள ‘அப்யூஸ்’ முகவரிக்கு முழு ஹெடர்களையும் இணைத்துப் புகார் எழுதினேன். ஒவ்வொரு டொமைனிலும் அப்படி ஒரு முகவரி இருக்க வேண்டும் என்று 1997 முதல் வழக்கம் இருக்கிறது. பல நிறுவனங்கள் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. இவர்கள் பார்த்தார்கள். அன்று இரவே அவருடைய கணக்கை முடக்கினார்கள், பட்டியலில் இருந்து எங்கள் ஐபியை எடுக்கவும் விண்ணப்பித்தார்கள்.

அந்த ஒரே கணக்குக்குள் அவர் செய்துகொடுத்த சில ஹோம்ஸ்டேக்களின் இணையதளங்களும் இருந்தன. மே மாதம். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் வருபவர்களுக்கு இ-பாஸ் கட்டாயமானதில் இருந்து, அறை நிரம்புமா என்று ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள் கவலையோடு இருந்தார்கள். அந்தக் கவலைதான் அவர்களை இவரிடம் அனுப்பியது. ‘மெயில் மார்க்கெட்டிங்’ என்று அவர் சொன்னதற்குப் பணம் கொடுத்தார்கள். தங்கள் பெயரில் என்ன போகிறது, யாருக்குப் போகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அத்தனை பேருடைய இணையதளமும் சீசனில் மூடிக்கிடந்தது.

அடுத்த நாள் அவரே ஆபீஸுக்கு வந்துவிட்டார். எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவர், அம்மா இன்னும் இலை பறிக்கிறார், கோவைக்குப் போய்ப் படித்துவிட்டு ஊரிலேயே ஏதாவது செய்யலாம் என்று திரும்பியவர் என்பதெல்லாம் பேச்சுவாக்கில் தெரிந்தது. இரக்கம் தேடி அவர் அதைச் சொல்லவில்லை. புகாரை வாபஸ் வாங்கிக்கொள்ளும்படிதான் கேட்டார். “என் மேல தப்பு இருக்கட்டும்ணா, அந்த ஹோம்ஸ்டேக்காரங்க என்ன பண்ணாங்க?” என்றார்.

இந்த இடத்தில் நான் மௌனமாக இருந்தேன். யாரோ ஒருவர் செய்ததற்காக எங்களையும் சேர்த்து அடைத்த பட்டியலை எண்ணி நான் கொதித்த கொதிப்பு ஆறவில்லை. இப்போது என் கடிதத்தால் அதுவே அவர்களுக்கு நேர்ந்திருந்தது. ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதி, அந்த இணையதளங்களை மட்டுமாவது திறக்க முடியுமா என்று கேட்டேன். கணக்கு ஒன்று, ஒன்றை மட்டும் பிரிக்க முடியாது என்றார்கள். அப்படியானால் வேறு எப்படித்தான் தடுப்பது என்றும் கேட்டுக்கொள்கிறேன். இந்தியாவில் வேண்டாத மெயிலுக்கென்று தனிச் சட்டம் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, தொல்லை தரும் மெயிலையும், எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கும் மெயிலையும் குற்றமாக்கியது. கருத்துரிமையை நெரித்த அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று முழுவதுமாக ரத்து செய்தது நியாயம்தான். ஆனால் அதோடு இந்தச் சிறு கதவும் சாத்தப்பட்டது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிகளும், புகாருக்கான 1909 எண்ணும் விளம்பர அழைப்புகளுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும்தான். “சட்டப்படி நான் என்னண்ணா தப்புப் பண்ணேன்?” என்று அவர் கேட்டபோது, காட்டுவதற்கு என்னிடம் ஒரு பிரிவும் இல்லை. பாதிக்கப்பட்டவனுக்கு மிஞ்சியது அந்த அப்யூஸ் முகவரி ஒன்றுதான்.

அப்போதுதான் முதலில் சொன்ன கேள்வியைக் கேட்டார். எங்கள் முதலாளியும் முன்பின் தெரியாத வெளிநாட்டு வியாபாரிகளுக்குச் சாம்பிள் அனுப்பட்டுமா என்று எழுதுகிறார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் சொன்னேன்: “தம்பி, எங்க முதலாளி தேயிலை வாங்கறவங்களுக்குத் தேயிலை பத்தி எழுதறார். பேரை மறைக்கறதில்ல. வேண்டாம்னா அதோட விட்டுடறார். நீங்க, நாங்க கேட்காததுக்குப் பதில் மாதிரி ‘ரீ:’ போட்டீங்க. நிறுத்தற லிங்க் வேலை செய்யல. நிறுத்தறேன்னு என்கிட்ட சொல்லிட்டு வேற பேர்ல அனுப்பினீங்க.”

ஒவ்வொன்றையும் அவர் ஒப்புக்கொண்டார். பிறகு, “சரிண்ணா. ‘ரீ’ போடாம, பேரை மறைக்காம, லிங்க் ஒழுங்கா வச்சு, ஒரே ஒரு தடவை அனுப்பியிருந்தா விட்டிருப்பீங்களா?” என்றார்.

“விட்டிருக்க மாட்டேன்” என்றேன்.

என் வாயில் இருந்து அந்த வார்த்தை யோசிக்காமல் வந்தது. யோசித்திருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் அதைச் சொன்ன பிறகு, அதற்கு முன் நான் அடுக்கிய காரணங்கள் எல்லாம் எதற்கு? அவை அவருடைய குற்றங்கள், சந்தேகமில்லை. ஆனால் நான் புகார் கொடுத்ததற்கு அவை காரணம் இல்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார், நான் அந்த உரையாடலோடு தங்கிவிட்டேன்.

உண்மையான காரணம் எண்ணிக்கை என்று சில நேரம் தோன்றும். முதலாளி ஒரு கடிதம் எழுதும்போது, அந்த வியாபாரி ஆர்த்தடாக்ஸ் எனும் இலைத் தேயிலை வாங்குகிறாரா, டஸ்ட் எனும் தூள் வாங்குகிறாரா என்று பார்த்து, பெயரைக் கேட்டு அறிந்து, ஒரு காலைப் பொழுதைச் செலவிடுகிறார். அந்த இளைஞருக்கு ஆயிரமும் ஐம்பதாயிரமும் ஒரே பொத்தான். அனுப்புபவருக்கு எந்தச் செலவும் இல்லாதபோது அந்தச் செலவு முழுவதும் படிப்பவர் தலையில் விழுகிறது: அவருடைய நேரம், அவருடைய சர்வர், ஸ்பேமோடு சேர்ந்து புதைந்துபோகும் நல்ல கடிதம். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் மொத்தமாக அனுப்புபவர்களுக்கு விதித்திருக்கும் நிபந்தனைகளும் இதைத்தான் சொல்கின்றன. மெயில் அனுப்பியது யார் என்று நிரூபிக்க வேண்டும். ஒரே அழுத்தில் விலகும் வசதி வேண்டும். பெறுபவர்களில் ஆயிரத்துக்கு மூன்று பேர் ஸ்பேம் என்று குறிக்கும் அளவுக்குப் போகக்கூடாது. அங்கே தீர்ப்பளிப்பது சட்டம் இல்லை, பெறுபவர்.

அப்படியே நம்பி நிம்மதியாக இருந்துவிடலாம் என்றால், 1978 மே மாதம் நடந்தது நினைவுக்கு வந்து குறுக்கே நிற்கிறது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி துர்க், புதிய இயந்திரங்களைக் காட்டும் நிகழ்ச்சிக்கு அழைத்து இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு மெயில் அனுப்பினார். உலகின் முதல் ஸ்பேம் என்று இன்று சொல்லப்படுவது அதுதான். பெயரை அவர் மறைக்கவில்லை. கம்ப்யூட்டர் பயன்படுத்துபவர்களுக்குத்தான் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதினார். முகவரிகளை அச்சிட்ட டைரக்டரியில் இருந்து எடுத்து, கையால் தட்டச்சு செய்தார்கள். எங்கள் முதலாளியைக் காக்க நான் சொன்ன எல்லாத் தகுதியும் அந்த மெயிலுக்கு இருந்தது. பெற்றவர்களில் பலர் கொதித்தார்கள். நாடுகளும் இதில் ஒத்துப்போகவில்லை: 2003-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், வேண்டாம் என்று சொல்லும்வரை அனுப்பலாம் என்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002 ஆணையோ, தனிநபர்களுக்கு அனுப்ப முன்கூட்டியே சம்மதம் வேண்டும் என்கிறது. அந்த இளைஞரின் கேள்விக்கு இரண்டு கண்டங்கள் இரண்டு விடை சொல்கின்றன.

முதலாளியிடம் இதைப் பேசினேன். அவருக்கு இதில் குழப்பமே இல்லை. “நம்ம பேக்டரிக்கு இலை போடறவங்களுக்கு மாசாமாசம் பணம் கொடுக்கணும், வாங்கறவனைத் தேடாம எப்படி?” என்றார். அதையும் மறுக்க முடியவில்லை. ஆனால் அதே வாதத்தை, அறையை நிரப்ப வேண்டிய ஹோம்ஸ்டேக்காரர்களுக்காக அந்த இளைஞரும் சொல்ல முடியுமே.

புகாரை நான் வாபஸ் வாங்கவில்லை. மறுபடி அதே நிலை வந்தால் மறுபடியும் எழுதுவேன், அதில் எனக்கு ஊசலாட்டம் இல்லை. நிறுத்துகிறேன் என்று சொல்லி ஏமாற்றியவருக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருந்தால், எங்கள் சர்வரில் இருந்த மற்றவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? ஆனால் அந்த ஹோம்ஸ்டேக்காரர்களை நினைக்கும்போது இந்த உறுதி எனக்குக் கொஞ்சம் கடுமையாகத் தெரிகிறது. அவர்களுக்கு முன்கூட்டியே ஒரு போன் செய்திருக்கலாமே என்று என் மனைவி கேட்டாள். எண்கள் எல்லாம் மெயிலிலேயே இருந்தனவா என்றால், இல்லை, அவருடைய எண் மட்டும்தான் இருந்தது. தேடினால் கிடைத்திருக்கும்.

சீசன் முடிந்த பிறகு அவர் போன் செய்தார். வேறு ஹோஸ்டிங்குக்கு மாறியிருந்தார். ஒரு ஹோம்ஸ்டேயின் புதிய டொமைனுக்கு மெயில் உண்மையாகவே அந்த டொமைனில் இருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளை எப்படிச் சரியாக வைப்பது என்று கேட்டார். இந்த முறை லிஸ்ட் எங்கே இருந்து வந்தது என்று கேட்டேன். “வாங்கினது இல்லைண்ணா. அவங்க கெஸ்ட் ரிஜிஸ்டர்ல இருந்து எடுத்தது. எல்லாரும் அங்க வந்து தங்கினவங்கதான்” என்றார். தங்க வந்தவர்கள் ரிஜிஸ்டரில் மெயில் முகவரி எழுதியது அறைக்காக. விளம்பரம் பெறுவதற்காக இல்லை. எதற்காகப் பெற்ற தகவலோ அதற்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்பது 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. இதை அவரிடம் சொன்னேன். “அப்ப தங்கிட்டுப் போனவங்களுக்குக்கூட, மறுபடி வாங்கன்னு எழுதக் கூடாதாண்ணா?” என்றார்.

பதிவுகளை வைத்துக்கொடுத்தேன். விலகும் லிங்க்கை நானே அழுத்திப் பார்த்து, வேலை செய்கிறது என்று உறுதிசெய்தேன். முதல் மெயிலில், தொடர்ந்து எழுதலாமா என்று மட்டும் கேட்கும்படியும், பதில் சொல்லாதவர்களை லிஸ்ட்டில் இருந்து எடுத்துவிடும்படியும் சொன்னேன். செய்கிறேன் என்றார். அந்த முதல் மெயிலும் அவர்கள் கேட்காமல் போவதுதான் என்பதை இருவருமே சொல்லவில்லை.