கார் ஷெட் தியேட்டர்: நாட்குறிப்பு

மார்ச் 1, சனி

கார் ஷெட்டை வீட்டுத் தியேட்டராக மாற்றப்போகிறேன். ஷெட் காலி. கார் இனி வெளியில்தான் நிற்கும். பழைய பெயின்ட் டப்பா, தின்னர், பெட்ரோல் கேன் எல்லாவற்றையும் முதலில் அப்புறப்படுத்தினேன். கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்காக உட்காரப்போகிற இடம், கூடவே சூடாகும் மின்சாதனங்கள். அங்கே அந்த வாடையே இருக்கக் கூடாது.

நீளம் 6 மீட்டர், அகலம் 3.2, உயரம் 2.6. ஒரு பக்கம் ஷட்டர், எதிர்ப்பக்கம் சுவர். திரை சுவர்ப் பக்கம் வரும். ஷட்டர் நமக்கு முதுகுப் பக்கம்.

அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. "வசனம் தெளிவா கேக்கணும்டா. மத்ததெல்லாம் உன் இஷ்டம்." டி.வி. பார்க்கும்போது அவர் சத்தத்தைக் கூட்டுவதும் சண்டைக்காட்சி வந்ததும் பதறிக் குறைப்பதும் வீட்டில் தினமும் நடப்பதுதான். அதனால் புரொஜெக்டரைவிட ஒலியைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

தரை வெறும் சிமென்ட். அடியிலிருந்து ஈரம் ஏறுகிறதா என்று பார்க்க, அரை மீட்டர் சதுரத்துக்கு ஒரு பாலிதீன் தாளை விரித்து நான்கு ஓரத்தையும் டேப் போட்டு ஒட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

தாளைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஒரு துளி வியர்வை இல்லை, தரையும் கறுக்கவில்லை. ஈரம் இருந்திருந்தால் கார்ப்பெட் போடும் யோசனையையே விட்டிருப்பேன்.

அடுத்தது தூசி. பூச்சில்லாத சிமென்ட் தரை நடக்க நடக்கப் பொடி உதிர்க்கும். புரொஜெக்டர் விசிறி அதை இழுத்து உள்ளே கொண்டுபோகும். எல்.சி.டி. வகையில் அந்தத் தூசி பேனல் (உள்ளே படத்தை உருவாக்கும் சிறு தகடு) மேல் உட்கார்ந்துவிட்டால், இருட்டுக் காட்சிகளில் திரையில் மங்கலான பொட்டாகத் தெரியும். தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பொடி உதிராமல் தடுக்கும் சீலர் பூச்சு இரண்டு கோட் அடிக்க வேண்டும். இந்த வாரம் முழுக்க அதற்கே சரியாக இருக்கும்.

மார்ச் 8, சனி

திரை அளவை முடிவு செய்தேன். மூலைக்கு மூலை 120 அங்குலம் என்றுதான் ஆசை. ஆனால் 16:9 விகிதத்தில் அதன் அகலமே 266 செ.மீ. பக்கத்துக்கு 27 செ.மீ.தான் மிஞ்சும்; இடது வலது ஸ்பீக்கர்களைச் சுவரோடு ஒட்டி நெருக்க வேண்டிவரும். 100 அங்குலம் என்றால் அகலம் 221 செ.மீ., உயரம் 124.5. இரண்டு பக்கமும் அரை மீட்டர் கிடைக்கிறது. 100 போதும்.

புரொஜெக்டர் வாங்கப்போகும் ஒவ்வொருவரும் முதலில் கேட்பது லூமென், அதாவது அது வீசும் ஒளியின் அளவு. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தக் கவலை பாதி குறைந்துவிடும். டிஜிட்டல் திரையரங்குகளில் வெள்ளை நிறத்துக்கு வைத்திருக்கும் தரம் 48 நிட் (திரை எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதன் அலகு). என் திரையின் பரப்பு 2.75 சதுர மீட்டர். கெயின் 1 உள்ள, அதாவது ஒளியை எல்லாத் திசைக்கும் சமமாகத் திருப்பும் சாதா மேட் திரையில் 48 நிட் கிடைக்க, லென்ஸிலிருந்து சுமார் 415 லூமென் (48 × 2.75 × π) வந்து விழுந்தால் போதும். அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் எண், நிறம் கெட்டுப்போகும் உச்ச வெளிச்ச மோடில் அளந்ததாகவே பெரும்பாலும் இருக்கும். சினிமா மோடில் அது நன்றாகவே குறையும். குறைந்தாலும் இருட்டறைக்குத் தாராளம்.

உண்மையான பிரச்சினை கறுப்பு. எந்தப் புரொஜெக்டராலும் கறுப்பை வீச முடியாது. ஒளி விழாத இடத்தில் திரை என்ன நிறமாகத் தெரிகிறதோ அதுதான் நமக்குக் கிடைக்கும் கறுப்பு. இன்று மாலை புரொஜெக்டரை ஒரு ஸ்டூலில் வைத்து, பாதி வெள்ளை பாதி கறுப்பாக ஒரு படத்தைச் சுவரில் போட்டேன். கறுப்புப் பாதி சாம்பலாகத் தெரிந்தது. பக்கத்து வெள்ளைச் சுவரை ஒரு கறுப்புப் போர்வையால் மூடினேன். அந்த நொடியே சாம்பல் ஒரு படி இறங்கியது. திரையில் பட்ட வெளிச்சம் பக்கச்சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பிவந்து இருட்டை வெளுக்கிறது. போர்வை அதைத் தடுத்துவிட்டது. இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பெயின்ட் விஷயத்தில் யாரும் சமாதானம் செய்துகொள்ள மாட்டார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

பெயின்ட். திரைச்சுவரும், அதிலிருந்து இரண்டு மீட்டர் வரை கூரையும் பக்கச்சுவர்களும் மேட் கறுப்பு. மீதி அடர்சாம்பல். பளபளப்பு கொஞ்சமும் இல்லாத பெயின்டாக இருக்க வேண்டும். கறுப்பே ஆனாலும் பளபளப்பு இருந்தால் திரையின் பிம்பம் அதில் தெரியும்.

மார்ச் 15, சனி

வயர் வேலை. சிக்னல் வயரையும் கரன்ட் வயரையும் தனித்தனி பைப்பில் விட்டேன். படத்தையும் ஒலியையும் வாங்கிப் பிரித்து அனுப்பும் ரிசீவரிலிருந்து புரொஜெக்டருக்கு எட்டு மீட்டர் எச்.டி.எம்.ஐ. தேவை. 4கே 60 ஃபிரேமுக்கு சாதாரணச் செப்புக் கேபிள் இந்தத் தூரத்தில் நம்பகமாக இருக்காது என்பதால் ஆப்டிகல் கேபிள். இதற்கு திசை உண்டு. ஒரு முனை கருவிக்கு, மறுமுனை திரைப்பக்கத்துக்கு என்று முனைகளிலேயே போட்டிருக்கும். திருப்பிப் போட்டால் படம் வராது. பைப்புக்குள் தள்ளுவதற்கு முன் தரையில் விரித்து, இணைத்து, படம் வருகிறதா என்று பார்த்த பிறகே உள்ளே விட்டேன். நாளைக்கு வேறு கேபிள் இழுக்க வசதியாக ஒரு நைலான் கயிறும் பைப்பிலேயே கிடக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

புரொஜெக்டர் கூரையில் ஏறியது. இதன் த்ரோ விகிதம் (லென்ஸின் தூரத்தைப் பட அகலத்தால் வகுத்த எண்) 1.5 முதல் 1.65 வரை. அகலம் 2.21 மீட்டரை அதால் பெருக்கினால், லென்ஸ் திரையிலிருந்து 3.3 முதல் 3.65 மீட்டருக்குள் இருக்க வேண்டும். 3.5இல் மாட்டினேன். தம்பி ஏணியைப் பிடித்துக்கொண்டே, "அண்ணா, சும்மா மாட்டிடு. கோணலா வந்தா கீஸ்டோன்ல சரி பண்ணிக்கலாம்" என்றான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கீஸ்டோன் என்பது படத்தை மென்பொருளில் நசுக்கி நேராக்கும் வேலை. பேனலில் உள்ள புள்ளிகள் சில வீணாகும், எழுத்தின் ஓரங்கள் மசங்கும். லென்ஸ் ஷிஃப்ட் அப்படியில்லை, லென்ஸே மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்கிறது. ஸ்பிரிட் லெவல் வைத்து மட்டம் பார்த்து, ஷிஃப்டிலேயே நான்கு மூலையும் சட்டத்துக்குள் உட்கார்ந்துவிட்டது. டைட்டில் எழுத்தின் ஓரத்தைக் கிட்டப்போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத் தெரிகிறது. இதற்காக ஏணியில் எத்தனை நேரம் நின்றாலும் தகும்.

மார்ச் 22, சனி

ஒலி. நடுவில் நின்று ஒரு கைதட்டு தட்டினால் சுவர்களுக்கிடையே 'ஸ்ட்ர்ர்ர்' என்று ஓர் அதிர்வு ஓடியது. எதிரெதிரான வெறும் சுவர்கள் ஒலியைப் பந்துபோலத் தட்டிக்கொள்கின்றன. பேச்சில் உள்ள ச, ட, த எல்லாம் இந்த இழுவையில்தான் கரைந்துபோகின்றன. வசனம் பெரும்பாலும் வரும் நடு ஸ்பீக்கரை, அதாவது சென்டர் ஸ்பீக்கரை, எவ்வளவு உயர்ந்ததாக வாங்கினாலும் அறை இப்படி இருந்தால் அப்பாவுக்கு வசனம் புரியாது.

நான் இருக்கையில் உட்கார, தம்பி ஒரு கண்ணாடியைப் பக்கச்சுவரில் நகர்த்திக்கொண்டே வந்தான். ஸ்பீக்கர் எந்த இடத்தில் கண்ணாடியில் தெரிகிறதோ அங்கேதான் ஒலி முதலில் பட்டுத் திரும்புகிறது. அங்கெல்லாம் பென்சில் குறி. மரச்சட்டத்தில் 10 செ.மீ. தடிமனுக்கு ராக்வூல் (ஒலியை உறிஞ்சும் கல்பஞ்சு) அடைத்து, துணி போர்த்தி மாட்டினோம். ராக்வூலைத் தொடும்போது கையுறையும் முகமூடியும் கட்டாயம், அரிப்பு லேசில் போகாது. தரையில் திரைக்கும் இருக்கைக்கும் நடுவே தடித்த கார்ப்பெட். மறுபடி கைதட்டினேன். தட்டியதோடு நின்றுவிட்டது.

அப்புறம் ஷட்டர். 20 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியை சப்வூஃபரில் (அடிமட்ட பாஸுக்கான ஸ்பீக்கர்) விட்டபோது, 40ஐத் தாண்டியதும் தகடு மொத்தமும் கடகடத்தது. இரண்டு பக்கக் காடியிலும் ஃபெல்ட் பட்டை ஒட்டி, அடிச்சட்டத்துக்குக் கீழே ரப்பர் வைத்து இறுக்கிப் பூட்டினேன். ஆட்டம் நின்றது. உள்பக்கம் கூரையிலிருந்து தரைவரை கனமான திரைச்சீலை. பகலில் இடுக்கு வழியே வரும் வெளிச்சத்துக்கும் அதுதான் மருந்து.

மார்ச் 23, ஞாயிறு

இருக்கையைத் திரையிலிருந்து 3.2 மீட்டரில் போட்டிருந்தோம். படத்துக்கு அருமையான தூரம். ஆனால் அடிமட்ட பாஸ் அங்கே காணவில்லை, பின்னால் போனால் கேட்கிறது. காரணம் அறையின் நீளம். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர்; அதை 6 மீட்டர் நீளத்தின் இருமடங்கால் வகுத்தால், முதல் ஒத்ததிர்வு 28.6 ஹெர்ட்ஸில் விழும். அந்த அலை இரு முனையிலும் உச்சம், நட்டநடுவில் சூன்யம். 3.2 மீட்டர் என்பது ஏறக்குறைய நடு. சத்தத்தைக் கூட்டுவதாலோ ஈக்வலைசரைத் திருகுவதாலோ இந்தப் பள்ளம் நிரம்பாது. இருக்கையை 3.7க்குத் தள்ளினோம். திரை இன்னும் 33 டிகிரி அகலத்துக்குக் கண்ணை நிறைக்கிறது, பாஸும் வந்துவிட்டது.

சப்வூஃபருக்கு இடம் தேடவும் ஒரு வழி உண்டு. அதையே இருக்கையில் தூக்கி வைத்து ஒரு பாஸ் வரியை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டே கேட்க வேண்டும். எங்கே எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கிறதோ அங்கே சப்வூஃபர். எனக்கு அது இடது மூலையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி அமைந்தது.

சென்டர் ஸ்பீக்கர் திரைக்குக் கீழே. முன்பக்கம் சற்றுத் தூக்கி, காதைப் பார்க்கும்படி சாய்த்து வைத்தேன். ரிசீவரில் எல்லா ஸ்பீக்கரையும் 'ஸ்மால்' என்று வைத்து 80 ஹெர்ட்ஸில் பிரித்தாயிற்று; அதற்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும். ரிசீவரின் மைக் சப்வூஃபர் தூரத்தை டேப் அளவைவிட அதிகமாகக் காட்டியது. அதைத் திருத்தக் கூடாது. சப்வூஃபரின் உள்ளே சிக்னல் தாமதமாவதையும் சேர்த்துத்தான் அது தூரமாகச் சொல்கிறது.

மார்ச் 29, சனி

அப்பாவை உட்கார வைத்து, பேச்சு நிறைந்த ஒரு பழைய படத்தைப் போட்டேன். எல்லா ஸ்பீக்கரும் 75 டெசிபெலில் சமமாக இருந்தன. சென்டரை மட்டும் 2 டெசிபெல் கூட்டினேன். இடைவேளை வரை ரிமோட்டை அவர் கேட்கவே இல்லை. "அந்த வக்கீல் முணுமுணுக்கிறது கூட கேக்குதுடா" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

உதடும் குரலும் மட்டும் இம்மியளவு பிசகுகிறது. புரொஜெக்டர் படத்தைச் செப்பனிட எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒலி முந்திவிடுகிறது. ஒலி 45 மில்லி செகண்ட் முந்தினாலே கவனத்துக்கு வரும், பிந்தினால் 125 வரை தெரியாது என்பது ஐ.டி.யு. (சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம்) ஆய்வுகளின் கணிப்பு. நாளை ரிசீவரில் தாமதத்தைப் பத்துப் பத்தாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். காற்றுக்கு வழி செய்வதும் பாக்கி: மூவர் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் அறை புழுங்குகிறது. சத்தமில்லாத எக்ஸாஸ்ட் விசிறி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். காற்றுக் குழாயை நேராக விடாமல் வளைத்து, உள்ளே பஞ்சு ஒட்டினால் ஒலி வெளியே போவதும் குறையும்.